பதிவேட்டைப் பார்க்க வந்த தாய்

செப்ரெம்பர் முதல் கிழமையில் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு கட்டுக் கடதாசி வீட்டுக்குப் போகும். தடுப்பூசி விபரம் தரவேண்டும், நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள், உங்கள் பிள்ளையின் படத்தை வெளியிடச் சம்மதமா, பள்ளி பஸ்ஸில் எப்படி நடந்துகொள்ள வேண்டும். பெற்றோருக்கு வருடா வருடம் சொல்லியாக வேண்டும் என்று விதி உள்ள விஷயங்கள். இப்போது பாதி மின்னஞ்சலில் போகிறது. பாடசாலை அலுவலகங்களில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கட்டை அடுக்கி அனுப்புவதுதான் முதல் வேலையாகக் கிடைத்திருக்கும். மூன்றாம் நாளே அலுத்திருக்கும். எனக்கும் அலுத்தது. ஒருவரும் வாசிக்காத கடதாசிக்கு இவ்வளவு பாடா என்று பல வருடம் நினைத்திருக்கிறேன்.

உங்களோடு பேசச் சொல்லிக் கேட்டபோது எதைச் சொல்வதென்று யோசித்தேன். போனுக்குப் பதில் சொல்வது, வரவு பதிவது, மூக்கால் இரத்தம் வடிய வரும் பிள்ளையை எங்கே இருத்துவது, இதெல்லாம் இரண்டு மாதத்தில் தானாகப் பழகிவிடும். அதனால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். அதோடு ஒரு தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

நான் வேலை பார்த்தது இங்கே கனடாவில், வெக்ஸ்போர்ட் பக்கத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றில். அறிவித்தல்களின் தமிழ் மொழிபெயர்ப்பு மேலிடத்திலிருந்து வரும். அச்சுக்குப் போகுமுன் என்னைப் போல ஓரிருவரிடம் ஒருமுறை வாசித்துப் பார்க்கத் தருவார்கள். ஒரு ஓகஸ்ட் மாதம் அப்படி வந்ததில் இப்படி ஒரு வரி இருந்தது: மாணவர் பதிவேட்டினைப் பரிசீலிப்பதற்கும் அதிலுள்ள தவறுகளைத் திருத்துமாறு விண்ணப்பிப்பதற்கும் தமக்குள்ள உரிமையினைப் பெற்றோர் பிரயோகிக்கலாம். அந்த வரி அதற்கென்று விட்ட கட்டத்துக்குள் அடங்கவில்லை. நான் அதை வெட்டிவிட்டு, ‘உங்கள் பிள்ளையைப் பற்றி நாங்கள் எழுதி வைத்திருப்பதை நீங்கள் பார்க்கலாம். பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம்’ என்று எழுதினேன். பெற்றோருக்கு விளங்க வேண்டும் என்ற நல்ல எண்ணம் எல்லாம் இல்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான். அதுவரையில் என் மேசைக்கு முன்னால் வந்து பதிவேட்டைக் காட்டச் சொன்ன பெற்றோர் ஒருவர்கூட இல்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, மத்தியான இடைவேளை முடியும் நேரம், திரேசா என்ற தாய் வந்தார். மன்னார்ப் பக்கத்தவர். பிறம்ரனில் ஒரு வெயாஹவுஸில் பொதி கட்டும் வேலை. கனடாவுக்கு வந்து இரண்டு வருடம்தான். மகள் அனிற்றா எங்களிடம் ஐந்தாம் வகுப்பு. அனிற்றாவை எனக்கு நன்றாகத் தெரியும். அலுவலகத்துக்கு ஏதாவது கொண்டுவந்தால் நீட்டிவிட்டு, கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகும் பிள்ளை. வகுப்பிலும் அப்படித்தான். அவளை வேறொரு பாடசாலையில் உள்ள விசேட வகுப்புக்கு மாற்றுவதா என்று தீர்மானிக்க மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள்.

திரேசா வேலைக்குப் போகும் உடுப்போடு, இரும்பு வைத்த சப்பாத்தோடு நின்றார். கையில் எங்கள் அறிவித்தல். மடித்த இடம் கிழிந்து போயிருந்தது.

“அக்கா, எங்கட பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதி வைச்சிருக்கிறதைப் பாக்கலாம் எண்டு இதில போட்டிருக்கு. அதைப் பாக்க வந்தனான்.”

“என்னத்துக்கு? நாளைக்குக் கூட்டம் இருக்குத்தானே. அங்க எல்லாம் சொல்லுவினம்.”

“இவளுக்குக் காது வடிவாக் கேக்காது எண்டு ரீச்சர் சொல்லுறா. அதாலதான் படிப்பு ஏறேல்லையாம். காயிதம் இருக்குதாம். அக்கா, நான் குசினிக்குள்ள நிண்டு வாய்க்குள்ள முணுமுணுத்தாலும் மேல இருந்து மறுமொழி சொல்லுறவள் அவள். நான் சொல்ல ஆரும் நம்புகினம் இல்லை.”

நானும் நம்பவில்லை. தன் பிள்ளைக்கு ஒரு குறை இருக்கிறது என்பதை எந்தத் தாய் உடனே ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பதிவேடு பாடசாலை அதிபரின் பொறுப்பில் இருப்பது; அவர் இல்லாமல் திறந்து காட்ட முடியாது; அவர் வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். இவ்வளவையும் சொல்லி, நாளைக்குப் பிறகு ஒருநாள் வாருங்கள் என்றேன். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் கூட்டம் நாளைக் காலை என்பது எனக்குத் தெரியும்.

திரேசா கோபிக்கவில்லை. கடதாசியை மேசையில் விரித்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

“இது நீங்கள் அனுப்பினதுதானே அக்கா?”

“ஓம்.”

“அப்ப நான் இருக்கிறன்.”

சுவரோரக் கதிரையில் போய் இருந்துவிட்டார். சரியாக ஒன்றரைக்கு ஒரு வான் வந்து வாசலில் நின்று ஹோர்ன் அடித்தது. பிறம்ரனுக்கு வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வான். அவர் எழும்பிப் போய் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு வந்து மறுபடியும் அதே கதிரையில் இருந்தார்.

அந்த வரியை எழுதியவள் நான். அச்சில் அதை நூறு தடவை பார்த்திருப்பேன். அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு, அன்றைய வேலையை விட்டுவிட்டு ஒரு ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார். எழுதிய எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

எங்கள் அதிபர் பற்றி ஒரு வார்த்தை. உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். கூட்டத்தில் இருக்கும்போது அவரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. ஒரு பிள்ளைக்கு விபத்து என்றால் மட்டும்தான். நான் இரண்டு தரம் போனை எடுத்து இரண்டு தரம் வைத்தேன். மூன்றாம் தரம் எடுத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான். “நாங்கள் அனுப்பிய அறிவித்தலில் என்ன எழுதியிருக்கிறது? தமிழில் இருப்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.”

சொன்னேன்.

பிறகு, “அப்படியென்றால் பார்க்கத்தானே வேண்டும். வருகிறேன்,” என்றார்.

முக்கால் மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் அனிற்றாவின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

அரைமணித்தியாலம் ஆகும் என்று நினைத்தேன். திரேசா ஒவ்வொரு தாளையும் முழுதாக வாசிக்கச் சொன்னார். பதிவுப் படிவம், தடுப்பூசி அட்டையின் பிரதி, மூன்றாம் வகுப்புப் புள்ளி அறிக்கை, நாலாம் வகுப்புப் புள்ளி அறிக்கை. ‘அமைதியான பிள்ளை, பிறருக்கு உதவுவாள்’ என்று ஒரு ஆசிரியர் எழுதியிருந்ததை நான் சொன்னபோது, “திருப்பிச் சொல்லுங்கோ,” என்றார். சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த தாளைக் காட்டினார். அதிபர் ஒருதரமும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தத் தாள். செவிப்புலன் பரிசோதனை அறிக்கை. இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, மேலதிகப் பரிசோதனை அவசியம், வகுப்பில் விசேட உதவி தேவைப்படலாம் என்று இருந்தது. மேலே பெயர், அனிற்றா அந்தோனி. பெயருக்குக் கீழே பரிசோதித்த திகதி. வாசித்தேன்.

“எந்த மாசம் எண்டனீங்கள்?”

“மே.”

“எந்த வருஷம்?”

சொன்னேன். திரேசா தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த இலக்கங்களைத் தானே பார்த்தார்.

“அந்த மே மாசம் நாங்கள் கனடாவிலயே இல்லை அக்கா. மன்னாரில நிண்டனாங்கள். அந்த மாசந்தான் இவளுக்கு முதல் நன்மை குடுத்தது. படம் இருக்கு.”

போனை எடுத்துக் காட்டினார். பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளின் படம். வெள்ளைச் சட்டையும் தலையில் பூமுடியுமாக அனிற்றா ஒரு கோயில் வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். அதிபர் படத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பதிவுப் படிவத்தில் பிள்ளை கனடாவுக்கு வந்த திகதியைத் தேடிப் பார்த்தார். அது அந்த மே கழிந்து வந்த செப்ரெம்பர். நான் தாளின் மேல் மூலையில் இருந்த மாணவர் இலக்கத்தைப் பார்த்தேன். அது எங்கள் அனிற்றாவின் இலக்கமில்லை. அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘பதிவேட்டில் சேர்க்கவும்’ என்று எழுதி, கீழே சுருக்கொப்பம். என்னுடைய சுருக்கொப்பம்.

எல்லாம் ஒரு நொடியில் ஞாபகம் வந்தது. எங்களிடம் இதற்கு முன் இன்னொரு அனிற்றா அந்தோனி படித்தாள். தகப்பன் பெயரைப் பின்னால் போடுகிற எங்கள் வழக்கத்தில், அந்தோனி என்று ஒரு தகப்பனும் அனிற்றா என்று ஒரு மகளும் எத்தனை வீட்டிலும் இருக்கலாம். அந்தக் குடும்பம் அந்த வருடம் ஜூனில் யூனியன்வில் பக்கம் வீடு மாறிப் போனது. பதிவேட்டையும் அனுப்பிவிட்டோம். இந்த அறிக்கை அதற்குப் பிறகு தபாலில் வந்து என் கடிதத் தட்டில் கிடந்தது. செப்ரெம்பர் அமளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பட்டியலில் அதே பெயரைக் கண்டேன். இலக்கத்தைப் பார்க்கவில்லை. சேர்த்துவிட்டேன்.

அறையில் இருந்த மற்ற இருவருக்கும் அது தெரியாது. பென்சில் எழுத்து மிகவும் மங்கலாக இருந்தது. சுகாதாரப் பகுதியில் யாரோ மாறி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். அந்த வார்த்தைகள் என் வாய்வரைக்கும் வந்தன என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கும் ஒருநாள் வரும். ஒரு மூச்சு நேரம்தான் கிடைக்கும். ஆற அமர யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருக்காது.

“இது நான் விட்ட பிழை,” என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு திரேசாவிடம் தமிழில் சொன்னேன். “இது இவளின்ரை காயிதம் இல்லை. இதே பேரில வேற ஒரு பிள்ளை படிச்சவள். நான் பாராமல் மாறி வைச்சிட்டன். இதில இருக்கிறது என்ரை கையெழுத்து.”

திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டு வருடமாகத் தன் பிள்ளைக்கு இல்லாத குறையை இருக்கிறது என்று எல்லோரும் சொல்லக் கேட்டவர். அன்றைய வேலையையும் விட்டுவிட்டு வந்தவர். நாளைக் காலை பிள்ளையை வேறு பாடசாலைக்கு அனுப்பத் தீர்மானிக்க இருந்தார்கள். எழும்பி நின்று கத்தியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

திரேசா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“அப்ப மற்றப் பிள்ளை?”

எனக்கு உடனே விளங்கவில்லை.

“காது கேக்காத பிள்ளை. அந்தப் பிள்ளையின்ரை காயிதம் இஞ்ச இருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆர் பாத்தது?”

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. என் சுருக்கொப்பத்தைப் பற்றி நினைத்தேன், வேலை போகுமா என்று நினைத்தேன், நாளைய கூட்டத்தை நினைத்தேன். மற்றப் பிள்ளை என் நினைவில் இல்லவே இல்லை. தன் பிள்ளை தப்பியது என்று தெரிந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த நிமிஷத்தில் முகம் தெரியாத இன்னொரு பிள்ளையை இந்தப் பெண் நினைத்துவிட்டார். அதிபர், “என்ன கேட்கிறார்?” என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் சொன்னேன்.

அதிபர் பேனையை மேசையில் வைத்தார். பிறகு திரேசாவை நேரே பார்த்து, “இன்றைக்கே கண்டுபிடிப்போம். நான் வாக்குத் தருகிறேன்,” என்றார். அதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவர் தானே போனில் தேடினார். வேறு கல்விச் சபை, வேறு பாடசாலை, அங்கேயும் ஒரு அதிபர், அங்கேயும் விதிகள். பாடசாலை விடுவதற்கு மணி அடிக்கும்போது அந்தப் பிள்ளை எங்கே படிக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் காலைக் கூட்டம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. அதிபர் எழும்பி நின்று திரேசாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, எங்கள் அனிற்றாவுக்கு ஆங்கிலம் பேசத்தான் பயம் என்று தெரிந்து, அதற்கான உதவி வகுப்பில் சேர்த்தார்கள். மாற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை.

கூட்டம் முடிந்த அன்று பகல் அந்த அறிக்கையை உறையில் போட்டு ஒட்டி என்னிடமே தந்தார் அதிபர். “தபால் வேண்டாம். நீங்களே கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்.” அது தண்டனையா நம்பிக்கையா என்று இன்றும் எனக்குத் தெரியாது. பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. யூனியன்வில் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது.

அங்கே அலுவலகத்தில் இருந்தவரும் தமிழ்ப் பெண்தான். உறையை வாங்கிப் பெயரைப் பார்த்தார்.

“அனிற்றாவோ? எந்த நாளும் உந்தக் கதிரையிலதான் கொண்டுவந்து இருத்துறது. சொல்வழி கேளாத பிள்ளை எண்டு ரீச்சர் அனுப்பி விடுவா.”

“கேக்கேல்லைத்தான்,” என்றேன். “உறையைத் திறந்து உங்கட அதிபரிட்டக் குடுங்கோ. இண்டைக்கே.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் எழும்பி உள்ளே போனார். அவர் காட்டிய கதிரை வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். இரண்டு வருடமாக ஒரு பிள்ளை அதில் வந்து இருந்திருக்கிறாள், ஏன் இருக்கிறோம் என்று தெரியாமல். காரில் ஏறிய பிறகு உடனே ஓட்டிக்கொண்டு வர முடியவில்லை.

என் பிழை எழுத்தில் பதியப்பட்டது. அதிபர் அதை என்னிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் என் பணிப்பதிவேட்டில் வைத்தார். “தெரிந்த அன்றைக்கே தானாகச் சொன்னார்” என்ற வரியையும் அதில் சேர்த்திருந்தார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை இலக்கத்தைப் பார்க்காமல் ஒரு தாளையும் நான் ஒரு பதிவேட்டிலும் சேர்த்ததில்லை. நீங்களும் பாருங்கள். பெயர் எத்தனை பேருக்கும் இருக்கும்.

ஏப்ரல் மாதம் யூனியன்வில் பெண் போன் எடுத்தார். விபரம் சொல்ல அவருக்கு அனுமதியில்லை, நான் கேட்கவுமில்லை. “அக்கா, அந்தக் கதிரை இப்ப சும்மா கிடக்கு. வகுப்பில வாய் ஓயாத கதையாம். ரெண்டு காதுக்கும் மிசின் போட்டிருக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அதுவே அவர் சொல்லக்கூடாதது. இருந்தாலும் சொன்னார். விதியை மீறியதை நான் பாராட்டுகிறேன் என்று எழுதி வைக்க வேண்டாம். ஆனால் அன்று முழுவதும் நான் என்ன சாப்பிட்டேன், யாரோடு பேசினேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

அடுத்த செப்ரெம்பரில் அறிவித்தல் கட்டு மறுபடியும் போனது. கையெழுத்திட்ட படிவங்களைத் திரேசா தானே கொண்டுவந்து தந்தார். பிள்ளையிடமே கொடுத்து விட்டிருக்கலாம். தந்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“அக்கா, அந்தப் பிள்ளை...”

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உடல்நிலை அது. அந்த விதி சரியான விதி என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் எனக்கு முன்னால் நின்றவர் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பிள்ளையை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு புத்தகத்திலும் இல்லை.

“தங்கச்சி,” என்றேன், “நீங்கள் இனி அதை நினைச்சு யோசிக்கத் தேவையில்லை.”

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

“எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்காக ஒவ்வொரு மாசமும் கோயில்ல பூசைக்குப் பேர் குடுக்கிறனான்.”

“பேரோ? அந்தப் பிள்ளையை உங்களுக்குத் தெரியாதே.”

“பேர் தெரியும்தானே அக்கா. என்ரை பிள்ளையின்ரை பேர்தானே. அனிற்றா அந்தோனி, அனிற்றா அந்தோனி எண்டு ரெண்டு தரம் எழுதிக் குடுப்பன். ஒருக்கா சுவாமியார், நான் மறந்துபோய் ரெண்டு தரம் எழுதிப்போட்டன் எண்டு நினைச்சு ஒண்டை வெட்டிப்போட்டார்.”

“பிறகு?”

“என்ன செய்யிறது. பூசை முடியப் போய்த் திரும்ப எழுதிவிச்சனான்.”